ரப்பர் இல்லாத புகைவீடு

ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து காணாமல் போன ஆண்பிள்ளைகளைப் பற்றி யார் கேட்டாலும், எங்கள் பக்கத்தில் ஒரே வார்த்தையில் பதிலை முடித்துவிடுவார்கள்: சயாம். கேட்டவரும் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். என் வீட்டுக்காரரைப் பற்றியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சயாமுக்குப் போகவில்லை. எங்கள் லயத்து வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்.

கோலா சாவாவிலிருந்து மண்சாலையில் உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம். துரை சண்டை தொடங்கியதுமே ஓடிவிட்டார். ரப்பர் வாங்க ஆளில்லை. பால் வெட்டாத மரங்கள் பாட்டுக்கு நின்றன. நிரைகளுக்கு நடுவே மரவள்ளி நட்டோம். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரிக்கு அதன் இலை. உடுத்தத் துணி கிடையாது. சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டோம். பக்கத்து வீட்டு அக்கா அதற்கும் ஒன்று சொல்வாள்: "இதுல ஒரு சௌகரியம்டி. பொம்பளையா மூட்டையான்னு சப்பான்காரனுக்கே வெளங்காது." அந்த அக்காவின் வாய் எங்கள் லயத்துக்கே ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி. அவள் பேச ஆரம்பித்தால் பசி கொஞ்சம் தள்ளி உட்காரும்.

இன்னொரு பேச்சுக்காரர் புகைவீட்டு அண்ணன். உருட்டி எடுத்த ரப்பர் சீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகையில் உலர்த்துகிற கட்டடம்தான் புகைவீடு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதற்கு நெருப்புப் போடுகிறவர் அவர். பெண்சாதி இல்லாத மனிதர். ரப்பர் நின்ற பிறகும் புகைவீட்டில் புகை நிற்கவில்லை. "கிழங்கு வத்தல் போடுறேன் தங்கச்சி. இந்த ஈரத்துல பூஞ்சை புடிச்சிருது" என்பார். அது பொய்யும் இல்லை. லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கை வற்றல் கொடுப்பார். புகை வாசம் அடிக்கும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். நானும் தின்றிருக்கிறேன்.

பிறகு லாரி வர ஆரம்பித்தது. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். சிப்பாய் இத்தனை ஆள் வேண்டும் என்பான். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி கை காட்டுவார். காட்டாவிட்டால் அவருக்கே அறை விழும். கை காட்டப்பட்டவர்கள் லாரியில் ஏற வேண்டும். சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை என்றார்கள். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. தப்பி வந்த ஒரே ஒருவர் தம்பின் என்கிற ஊர் ஸ்டேஷன் பக்கத்தில் உட்கார்ந்து, யார் எது கேட்டாலும் "தண்ணி" என்று மட்டும் சொன்னாராம்.

புகைவீட்டு அண்ணனை லாரி ஏற்றவில்லை. பெரட்டுக்கு வரும்போது காலில் ஒரு கந்தலைச் சுற்றிக்கொண்டு நொண்டுவார். புண்ணைக் கண்டால் சிப்பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவான். அது பொய்ப் புண் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் மூச்சு விடவில்லை. ஏனென்றால் எங்கள் ஆண்பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவர் அவர்தான் என்று நினைத்தோம்.

அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். லாரிக்குப் பயந்தவனை விளக்கு வைக்கிற நேரத்தில் கிணற்றுப் பக்கம் வரச் சொல்வார். காட்டு வழியாக சுவா பக்கம் கூட்டிப் போய், அங்கே கம்பம் என்கிற ஒரு மலாய்க் கிராமத்தில் பழத்தோட்ட வேலைக்கு விட்டுவிடுவார். கம்பத்துக்காரருக்குக் கொடுக்க வீட்டில் இருக்கிற பொன்னைக் கொண்டு வர வேண்டும். நல்ல துணி ஒன்று இருந்தால் அதையும் உடுத்திக்கொள்ள வேண்டும், சாக்கோடு போனால் தோட்டத்து ஆள் என்று தெரிந்துவிடும். முதலில் போனது அக்காவின் புருஷன். அதன் பிறகு இன்னும் சிலர். கிராணி, ஓடிப்போய்விட்டான் என்று சிப்பாயிடம் சொல்லிக் கன்னத்தைக் காட்டுவார்.

புகைவீட்டு அண்ணன் திரும்பி வந்து சேதி சொல்கிற அழகு இருக்கிறதே! ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் புருஷனின் குணம் பார்த்துச் சொல்வார். அக்காவிடம் வந்து, "உன் வீட்டுக்காரன் அங்கயும் கொழம்புல உப்பு பத்தலன்னு சண்டை போடுறான். மலாய்க்காரி கரண்டியத் தூக்கிட்டு நிக்கிறா லா" என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த மனுசந்தான்! சந்தேகமே இல்ல!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் போனது ஒரு மழை நாளில். கல்யாணத்துக்குத் தைத்த சட்டை ஒன்றைப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். அக்குளில் கிழிந்திருந்த இடத்தில் என் நீல ரவிக்கைத் துணியை வைத்து ஒட்டுப் போட்டிருந்தேன். அதை மாட்டிக்கொண்டார். என் தாலிப் பொன்னைக் கழற்றி அவர் மடியில் முடிந்தேன். எனக்கு மஞ்சள் கயிறு போதும் என்றேன். "ரம்புத்தான் பழம் கொண்டாந்து தர்றேன் போ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரைப் பற்றியும் சுவாவிலிருந்து சேதி வந்தது. ராத்திரியில் குறட்டை விட்டுக் கம்பத்து நாய்களையெல்லாம் எழுப்பிவிடுகிறாராம். அவர் குறட்டை லயம் முழுக்கத் தெரிந்த சங்கதிதான். நானும் சிரித்தேன்.

அடுத்து என் கொழுந்தனின் முறை. அவருடைய தம்பி, எங்களோடுதான் இருந்தான். கிராணி முன்கூட்டியே காதில் போட்டுவிட்டார், அடுத்த லாரிக்கு இவன்தான் என்று. அவன் காதில் என் மாமியார் சாகும் முன் போட்டுவிட்ட பொன் கடுக்கன் இருந்தது. புகைவீட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து, "தம்பியையும் அனுப்பிடு தங்கச்சி. அண்ணன் தம்பி ஒரே எடத்துல கெடக்கட்டும்" என்றார். ஏனோ எனக்கு ஓர் ஆசை வந்தது. சந்தேகம் இல்லை, ஆசைதான். "அண்ணே, அவரு கையால எதாச்சும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. பாத்துட்டுத் தம்பிய அனுப்புறேன்" என்றேன். அதற்கென்ன என்று போனார்.

சில நாள் கழித்து வாசலில் வந்து உட்கார்ந்தார். கிழங்கு கொடுத்தேன், தின்றார். மடியிலிருந்து ஒரு சாமானை எடுத்து என் கையில் வைத்தார். என் வீட்டுக்காரரின் வெள்ளி அரைஞாண்கொடி.

"இத வித்து அரிசி வாங்கிக்கச் சொன்னாரு. வேற யாரு குடுக்க முடியும் இத? இப்ப நம்புறியா?" என்றார்.

வெள்ளி கையில் குளிர்ச்சியாக இருந்தது. என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஆற்றில் குளிக்கும்போது அவர் அரைஞாண் திருகு கழன்று கொடி தண்ணீரில் விழுந்துவிட்டது. மனிதர் கரையேற மாட்டேன் என்று இடுப்பளவுத் தண்ணீரிலேயே நின்றார். நான் லயத்துக்கு ஓடி ஒரு கறுப்புக் கயிறு கொண்டு வந்து கொடுத்து, அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் மூழ்கிக் கொடியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "அண்ணனுக்கு உசுரு இடுப்புலதான் இருக்கு" என்று பெண்கள் எல்லாம் கேலி செய்தார்கள். அவர் மட்டும் இல்லை, எங்கள் ஆண்பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான். புதுக்கயிறு கட்டிய பிறகுதான் பழசை எடுப்பார்கள். ஒரு கண நேரம்கூட வெறும் இடுப்பாய் நிற்க மாட்டார்கள். வெறும் இடுப்பு பிணத்துக்குத்தான். அரைஞாணைச் சுடுகாட்டில் வைத்துத்தான் அறுப்பார்கள்.

நான் மெதுவாகக் கேட்டேன். "இதக் கழட்டிக் குடுத்துட்டு, அவரு கறுப்புக் கயிறு கட்டிக்கிட்டாராண்ணே?"

"அங்க ஏது கயிறு? நீ ஒண்ணு குடு, நா போறப்ப கொண்டு போறேன்" என்றார்.

பாசமாகத்தான் சொன்னார். எனக்கு உதவுகிற முகம்தான் அது. தமிழ்ப் பிள்ளைதானே, இது எப்படி மறந்து போனது என்று பின்னால் பல வருஷம் நினைத்திருக்கிறேன். அத்தனை பேரின் இடுப்பிலிருந்து எடுத்து எடுத்து, அவர் கைக்கு அது வெறும் வெள்ளியாகிப் போயிருக்க வேண்டும். உள்ளே போய்க் கறுப்புக் கயிறு ஒன்று எடுத்து வந்து கொடுத்தேன். "நாளைக்கு வெளக்கு வைக்கிற நேரம், கெணத்துப் பக்கம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கொழுந்தனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. "அண்ணி, சாக்கு கட்டுற காலத்துல எவன் இடுப்பப் பாக்குறான்? பசி வந்தா அரணாக்கொடி என்ன, அரையே போவும். என்னைய லாரியில ஏத்திவிடப் பாக்குறியா?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் சயாம். இன்னொரு பக்கம் ஒரு பெண்பிள்ளையின் பயம். அவன் கிணற்றுப் பக்கம்தான் போவான் என்று தெரிந்துவிட்டது. போனால் திரும்ப மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

மறுநாள் காலை புகைவீட்டு அண்ணன் ரந்தாவுக்கு அரிசி வாங்கப் போனார். அக்காவை இழுத்துக்கொண்டு புகைவீட்டுக்குப் போனேன். "என்னடி திருட்டுத்தனம்? வத்தலா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். கதவின் குறுக்குக் கட்டையைத் தூக்கித் தள்ளினோம்.

உள்ளே இருட்டும் சூடும். அடியில் விறகு கனிந்துகொண்டிருந்தது. கண் பழகியதும் மேலே பார்த்தோம். ரப்பர் சீட்டு தொங்க வேண்டிய கழிகளில் துணி தொங்கியது. வேட்டி, சட்டை, துண்டு. துவைத்து, சுருக்கம் இல்லாமல் நீவி, ஒன்றை ஒன்று தொடாமல், சீட்டுக்கு விடுகிற இடைவெளி விட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். வேலை சுத்தமான மனிதர். பூச்சி அரிக்காமல் இருக்கப் புகை. விற்கிற நாள் வரைக்கும் புகை. கீழே மண் தரையில் ஒரு பாதி மட்டும் புதிதாகக் கொத்திச் சமன் செய்தது போல் இருந்தது. அங்கே வேறு ஒரு வாசம் இருந்திருக்கலாம். புகை அதை விடவில்லை.

நீல ஒட்டுப் போட்ட சட்டை மூன்றாவது கழியில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

அக்கா ஒரு கழியின் கீழே நின்றாள். கையை உயர்த்தி ஒரு சட்டையை இழுத்தாள். முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். "பொக வாசந்தான் அடிக்குது" என்றாள். மறுபடி மோந்தாள். "அவரு வாசமே இல்லடி." பிறகு அந்தச் சட்டையைச் சுருட்டி, சாக்குக்குள் இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் வேண்டாம் அக்கா, தெரிந்துவிடும் என்றேன். "தெரியட்டும்" என்றாள்.

கதவைப் போட்டுவிட்டுக் கிணற்றைத் தாண்டும்போது அவர் எதிரே வந்துகொண்டிருந்தார். ரந்தாவில் அரிசி இல்லையாம், பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். கந்தல் இல்லாத கால், வேகமான நடை.

"எங்க இந்தப் பக்கம், ரெண்டு பேரும்?"

"வெறகு பொறுக்க வந்தோம்" என்றாள் அக்கா.

அவர் எங்கள் வெறும் கையைப் பார்த்தார். அக்காவின் இடுப்பைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "ஈர வெறகு லா அது. எரியாது. தம்பிய மறக்காம அனுப்பு தங்கச்சி." ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டார்.

கொழுந்தனிடம் அக்கா அந்தச் சட்டையைக் காட்டினாள். அவனுக்கும் தெரிந்த சட்டைதான், அதைப் போட்டுக்கொண்டுதான் அக்காவின் புருஷன் அவனோடு சடுகுடு விளையாடுவார். அவன் எழுந்து பாராங்கத்தியைத் தேடினான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ வெட்டினா சப்பான்காரன் வருவான். எதுக்கு வெட்டுனேன்னு கேப்பான். ஆளுகள ஒளிச்சி வெக்கப் பாத்த கதையும் வெளிய வரும். அதுக்கப்பறம் இந்த லயத்துல ஒரு தல மிஞ்சாது. காலையில லாரி வருது. பேசாம இரு."

போலீசு என்று ஒன்று எங்களுக்கு அப்போது இல்லை. கிராணியிடம் சொன்னால் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் புகைவீட்டு அண்ணன் வாசலுக்கு வந்தார். "தம்பி கெளம்பலையா?" என்றார். "வயித்துப் போக்கு" என்றேன். "ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு. நீயும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மூன்று பேரும் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தோம்.

விடியுமுன் கொழுந்தனிடம், மரவள்ளிக்குள் ஓடிவிடு என்றேன். அவன் மாட்டேன் என்றான். "எனக்குப் பதிலா இன்னொருத்தன ஏத்துவான். நான் பெரட்டுல நிக்கிறேன் அண்ணி. சயாமுக்குப் போனா, சயாமுல செத்தான்னாச்சும் ஒனக்குத் தெரியும்."

லாரி வந்தது. பெரட்டில் நின்றோம். கிராணி கொழுந்தனைக் காட்டினார், இன்னும் சிலரைக் காட்டினார். ஓர் ஆள் குறைவாக இருந்தது. புகைவீட்டு அண்ணன் காலில் கந்தலோடு ஓரமாக நின்று, லாரி ஏறுகிறவர்களுக்குக் குடுவையில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். சிப்பாய் கிராணியை நோக்கிக் கையை ஓங்கிய நேரத்தில் அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள். நேராகப் போய் புகைவீட்டு அண்ணன் காலடியில் உட்கார்ந்தாள். கும்பிடப் போகிறாள் என்று நினைத்திருப்பார். அவள் கந்தலைப் பிடித்து இழுத்தாள். அது அவிழ்ந்து வந்துவிட்டது. கால் மொழுமொழுவென்று இருந்தது.

"இனி ஓராங் குவாட், துவான்!" என்றாள். இந்த ஆள் பலசாலி, ஐயா. சந்தையில் கற்ற மலாய்.

நானும் வெளியே வந்தேன். "குவாட், துவான்" என்றேன். எனக்குப் பின்னால் இன்னொருத்தி சொன்னாள். அவளுக்கு விஷயமே தெரியாது. அக்கா சொன்னால் காரணம் இருக்கும் என்று சொன்னாள். அப்புறம் பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். கத்தவில்லை. கடையில் சாமான் கேட்கிற குரலில் சொன்னோம்.

அவர் எங்களைப் பார்த்து, "தங்கச்சி, என்னா இது? ஒங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றார். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ஒரு தள்ளு தள்ளி லாரியில் ஏற்றினான்.

ஓர் ஆள் கூடினால் என் கொழுந்தனை இறக்கிவிடுவான் என்று மனதின் ஒரு மூலையில் கணக்குப் போட்டிருந்தேன். இறக்கவில்லை. குறைந்த இடத்துக்குத்தான் அந்த ஆள் போதும். ஆக, அண்ணனைக் கொன்றவனும் தம்பியும் ஒரே லாரியில், முழங்காலோடு முழங்கால் இடிக்க, உட்கார்ந்து போனார்கள். கொழுந்தன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சரி என்றா, போய் வருகிறேன் என்றா, தெரியவில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பிய பிறகு ஒரு நாள் கொழுந்தன் வந்து சேர்ந்தான். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே அறுத்துவிட்டிருந்தார்கள். கக்கத்தில் கட்டை. காதில் கடுக்கன் இல்லை. சுடுகஞ்சி கொடுத்தேன். குடித்து முடித்ததும், "அவன்?" என்று கேட்டேன்.

"ரயிலுலயே முடிச்சிடணும்னுதான் நெனச்சேன் அண்ணி. அங்க போனா, சாவறதுக்கு வரிசையில நிக்கிறானுங்க. எதுக்கு நானும்னு விட்டுட்டேன். போன கொஞ்ச நாள்ல அவன் வாந்திபேதியில செத்தான். கடைசியில, தம்பி, தண்ணின்னான். குடுத்தேன்."

"சரி" என்றேன்.

"நான் குடுத்திருக்கக் கூடாதா?"

"குடுத்தது குடுத்ததுதான்" என்றேன். அதன் பிறகு அவனைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

புதுத் துரை வந்து புகைவீட்டைத் திறக்கச் சொன்னார். பெண்கள் யாரும் சீட்டுத் தூக்கி உள்ளே போக மாட்டோம் என்றோம். கொழுந்தன்தான் கிராணியிடம் விஷயத்தைச் சொல்லி, கட்டையை ஊன்றிக்கொண்டு அந்தத் தரையைத் தோண்ட வைத்தான். எலும்புகள் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. யாருடையது யார் என்று பிரிக்க வழியில்லை. ஒரே குழியாக வெட்டி, தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தோம். அக்காவும் நானும் மற்றப் பெண்களும் ஒரே நாளில் ஆற்றில் மூழ்கித் தாலிக் கயிற்றைக் கழற்றினோம். சிலர் அழுதார்கள். எனக்குத் தண்ணீர் சில்லென்று இருந்ததுதான் நினைவிருக்கிறது.

கருமாதிக்கு வெள்ளைக்காரன் கொடுத்த ரேஷன் அரிசியில் சோறு வடித்தார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு இலையில் வெள்ளைச் சோறு. ஆவி பறந்தது. நான் சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடுங்க என்று கேட்டேன்.

அக்கா குனிந்து என் காதில் சொன்னாள். "கொஞ்சம் அழுதுருடி. எல்லாரும் ஒன்னயே பாக்குறாங்க."

"வரலக்கா. பசிக்குது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தன் இலையையும் முன்னால் தள்ளினாள். "எனக்குந்தாண்டி" என்றாள்.

கொழுந்தனால் குனிந்து பரிமாற முடியாது. அவன் சோற்றுச் சட்டியையே இழுத்து வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மூன்று பேரும் அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.